அணையின் அடிக்கணக்கு

"அணையில எத்தன அடிங்?" ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பேக்கரிகளில் டீக்கு முன்னால் வரும் கேள்வி இதுதான். ஈரோடு மாவட்டத்து அறச்சலூர், சிவகிரிப் பக்கத்து ஆட்களுக்கு எந்த அணை என்று விளக்க வேண்டியதில்லை, பவானிசாகர்தான். காலைப் பேப்பரில் வந்த எண்ணை ஒருவர் சொல்வார். போன வருடம் இதே தேதியில் எத்தனை இருந்தது என்று இன்னொருவர் சொல்வார். ஆகஸ்டு 15-ல் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவார்களா, விட்டால் கடைமடைக்கு எப்போது வந்து சேரும், நாற்றங்காலுக்கு விதை எடுக்கலாமா என்பதெல்லாம் அந்த ஒற்றை எண்ணிலிருந்துதான் கிளைத்துப் போகும். அப்படிப்பட்ட ஒரு பேச்சின் நடுவில் என் மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அடி அதே அடிதான் மாப்ள. தண்ணிதான் அதே தண்ணி இல்ல." யாரும் மறுக்கவில்லை. பேச்சு மஞ்சள் விலைக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் போகவில்லை.

மாமா படித்தது குறைவு, வாய்க்கால் தண்ணீரில் வெள்ளாமை செய்தது நாற்பது வருடத்துக்கு மேல். அவர் சொன்னது சும்மா வாய்க்கு வந்த வார்த்தையா, உள்ளே கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பவானிசாகருக்கு முழு அளவு 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த இரண்டு எண்களில் அடியைத்தான் கண்ணால் பார்த்து எழுதுகிறார்கள். டி.எம்.சி.யை யாரும் பார்ப்பதில்லை. இத்தனை அடி என்றால் இத்தனை கன அடி என்று அணைக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் தேடி எடுத்துப் போடுகிறார்கள். அந்த அட்டவணை எப்படி வந்தது? தரையின் வடிவத்தை அளந்து, ஒவ்வொரு மட்டத்திலும் எவ்வளவு பரப்பு நனையும் என்று கணக்கிட்டு வந்தது. அணை நேர்ச்சுவர்த் தொட்டி இல்லை, ஒரு பக்கம் சாய்த்து வைத்த வட்டில். மேலே ஓர் அடி ஏறுவதற்குத் தேவைப்படும் தண்ணீர் கீழே ஓர் அடிக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு. ஆகவே தரை மாறினால் அட்டவணை மாற வேண்டும். அடிக்குச் சுவரில் குறியீடு இருக்கிறது, தினமும் புதிதாகத் தெரியும். தண்ணீரின் அளவோ கடைசியாகத் தரையை அளந்த அன்றைக்கு இருந்த நிலவரத்தை நம்பி நிற்கிறது.

தரை மாறுகிறதா என்பதில் சந்தேகமே இல்லை. 1948-ல் தொடங்கி 1955-ல் முடித்த அணை அது. ஒரு பக்கம் பவானி, இன்னொரு பக்கம் மாயாறு. நீலகிரிச் சரிவில் உருளைக்கிழங்கும் தேயிலையும் வைத்த காட்டு மண் மழைக்காலத்தில் எங்கே போகிறது என்பதை மேட்டுப்பாளையத்தில் ஆற்றின் நிறத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மேலே பில்லூர் அணையில் சேறு அடைந்திருப்பது கோவைக் குடிநீரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும் பேச்சுதான். பவானிசாகர் பற்றிய செய்திகளில் "மொத்தம் 120 அடி, சேறும் சகதியும் 15 அடி போக 105 அடி" என்று ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் படித்துப் படித்து, அடியில் பதினைந்து அடி உயரத்துக்குச் சமமாகப் பரவிய சேறு, அதன்மேல் தெளிந்த தண்ணீர் என்று ஒரு படம் எங்கள் எல்லோர் மனதிலும் உட்கார்ந்துவிட்டது. மாமாவும் அதைத்தான் நினைத்திருந்தார்: "மதகடியில சேறு ஏறிப்போச்சு, அதத் தோண்டி எடுத்தாத் தீந்துச்சு."

ஒலி மட்டும் போகும் இடம்

கலங்கிய தண்ணீருக்கு அடியில் தரை எப்படி இருக்கிறது என்று எப்படித்தான் அறிவது? கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாத தண்ணீர் அது. வெளிச்சம் சில அடிக்குள் தீர்ந்துபோகும். ரேடியோ அலையும் அப்படியே. கைப்பேசி தண்ணீருக்குள் போன கணத்தில் தொடர்பு அறுந்துவிடும். தண்ணீருக்குள் சளைக்காமல் நெடுந்தூரம் போகக்கூடியது ஒலிதான். காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, தண்ணீரில் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது. 1826-ல் ஜெனீவா ஏரியில் கொல்லாடன், ஸ்டர்ம் என்ற இருவர் இதை அளந்தார்கள். ஒரு படகில் தண்ணீருக்குள் மணி; மணி அடிக்கும் அதே நொடியில் மேலே வெடிமருந்து பற்றி எரியும். 13 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இன்னொரு படகில், நீண்ட குழாயைத் தண்ணீருக்குள் இறக்கி அதில் காதை வைத்துக் காத்திருந்தார் கொல்லாடன். வெளிச்சம் தெரிந்ததற்கும் மணியோசை வந்து சேர்ந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். எட்டு டிகிரித் தண்ணீரில் நொடிக்கு 1,435 மீட்டர். இன்றைய அளவீட்டோடு ஒட்டி நிற்கும் எண் அது. இருநூறு வருடத்துக்கு முன்னால், ஒரு மணியையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு!

எங்கள் ஊர்க் கிணறுகளில் இதே தேடல் வேறு வடிவத்தில் இருந்திருக்கிறது. கிணறு வெட்டிய கையோடு கல்லைப் போட்டுச் சத்தம் வரும்வரை எண்ணுவார்கள். அறுபது அடிக் கிணற்றில் கல் தண்ணீரைத் தொட ஏறத்தாழ இரண்டு நொடி ஆகும். இப்போது ஆயிரம் அடி போர்வெல் வந்துவிட்டது, இந்தியா முழுக்கத் துளை போடத் திருச்செங்கோட்டு வண்டிகள்தான் போகின்றன. அந்தக் குறுகிய குழாய்க்குள் நீர்மட்டம் பார்க்கவும் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவி வந்திருக்கிறது. குழாயின் வாயில் வைத்தால் ஓசை கீழே போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தில் பாதியை வேகத்தால் பெருக்கினால் நீர்மட்டம் தெரிந்துவிடும்.

தண்ணீருக்குள் இருப்பதை எதிரொலியால் அறியும் சோனார் என்பதும் அடிப்படையில் இந்தக் கணக்குதான். 1912-ல் டைட்டானிக் மூழ்கியதும் பனிப்பாறையை முன்கூட்டி அறிய வழி தேடினார்கள். 1914-ல் ஃபெஸ்ஸன்டன் தன் ஒலிப்பான் மூலம் சுமார் இரண்டு மைல் தொலைவில் இருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பிடித்தார். அடுத்து முதல் உலகப்போர், நீர்மூழ்கிகள். பிரான்ஸில் லாஞ்சவென் 1917-ல் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை உண்டாக்கினார். மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும் என்ற அந்தப் படிகக் குணத்தை 1880, 81-லேயே கியூரி சகோதரர்கள் கண்டு வைத்திருந்தார்கள். ஒரே துண்டு வாயாகவும் காதாகவும் வேலை செய்கிறது. கடற்படைக்கும் மீன்பிடிப் படகுக்கும் கடல் தரையின் வரைபடத்துக்கும் போன இந்த வித்தை, மருத்துவமனையில் ஸ்கேனாகவும் நிற்கிறது. நம் நாட்டில் கடற்படைச் சோனார்களை வடிவமைப்பது கொச்சியில் இருக்கும் பாதுகாப்பு ஆய்வுக்கூடம். அதையெல்லாம் விரிவாகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது அணையின் தரை.

படகில் பார்த்தது

சித்தி மகன் ஒருவன் சர்வே கம்பெனியில் வேலை செய்கிறான். அணைகள், ஏரிகளின் தரையை அளப்பதுதான் அவர்கள் எடுக்கும் வேலைகளில் பெரியது. மேற்கே மலையடிவாரத்தில் ஓர் அணையை அளக்கப் போயிருந்தபோது என்னையும் கூப்பிட்டான். அணையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அறிக்கை அவர்களுடையது அல்ல, வேலை கொடுத்தவர்களுடையது. லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்தோம். படகின் ஓரத்தில் ஒரு இரும்புக் குழாய், அதன் கீழ்முனையில் தண்ணீருக்குள் முழுகியபடி உள்ளங்கை அகல டிரான்ஸ்டியூசர், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் துண்டு. குழாயின் மேல்முனையில் ஜி.பி.எஸ். அன்டெனா. ஆழம் எங்கே அளந்தது என்று தெரியாவிட்டால் அந்த ஆழத்தால் பயன் இல்லை, அதனால் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. நடுவில் எதிரொலியை ஆழமாகக் கணக்கிடும் எக்கோ சவுண்டர் பெட்டி, லேப்டாப்.

உடனே கிளம்பவில்லை. முதலில் ஒரு உலோகத் தட்டைச் சங்கிலியில் கட்டி டிரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே இறக்கினான். இரண்டு மீட்டர், நான்கு மீட்டர் என்று சங்கிலியில் குறி இருக்கிறது. கருவி அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்து, காட்டாவிட்டால் ஒலியின் வேகத்தைத் திருத்துகிறார்கள். "இதுக்கு எதுக்குடா இத்தனை நேரம்?" என்றேன். "தண்ணி சூடு மாறுனா வேகம் மாறுமுங்ணா. 20 டிகிரில 1,480 சொச்சம், 30 டிகிரில 1,500-த் தாண்டிரும். முப்பது மீட்டர் ஆழத்துல அரை மீட்டர் தப்பா வந்துரும்." அரை மீட்டர் என்றால் ஒன்றரை அடிக்கு மேல். வெயில் காலத்தில் மேல்தண்ணீர் சுடுகிறது, கீழ்த்தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது. இதைக் கவனிக்காமல் அளந்தால் இல்லாத சேற்றை இருப்பதாக எழுதிவிடலாம், இருக்கும் சேற்றை மறைத்தும் விடலாம். அந்தத் தட்டைப் பொறுமையாக இறக்கி ஏற்றியதைப் பார்த்த பிறகுதான் அடுத்து வரும் எண்களை நம்ப எனக்கு மனம் வந்தது.

படகு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு, மறுபடி எதிர்க்கரையிலிருந்து இந்தக் கரைக்கு என்று குறுக்குக் கோடுகளாக மெதுவாகப் போனது. திரையில் தரை ஒரு கோடாக நகர்ந்துகொண்டிருந்தது. இருபது மீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்த் திரும்ப நொடியில் ஏறத்தாழ முப்பத்தேழில் ஒரு பங்கு நேரம் போதும்; ஒரு நொடிக்குள் பல தடவை அனுப்பிப் பல தடவை வாங்குகிறது கருவி. இடையே சின்னச் சின்ன வில் வளைவுகள் வந்தன. மீன். மீனின் வயிற்றில் இருக்கும் காற்றுப் பைதான் ஒலியை அப்படித் திருப்பி அடிக்கிறது. ஒரு பொருளின் அடர்த்தியும் அதில் ஒலி போகும் வேகமும் தண்ணீரிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அவ்வளவு பலமான எதிரொலி வரும். காற்று பெரிதாக விலகி நிற்கிறது, பாறையும் அப்படியே. புதிதாக வந்து படிந்த குழைசேறு முக்கால்வாசித் தண்ணீர். அது அவ்வளவாக விலகி நிற்பதில்லை.

அணைச்சுவருக்குப் பக்கத்தில் ஓட்டியபோது தரையின் நடுவில் ஒரு ஆழமான பள்ளம் தெரிந்தது. அணை கட்டுவதற்கு முன்னால் ஆறு ஓடிய தடம். இத்தனை வருடம் தண்ணீருக்கு அடியில் கிடந்தும் கரைச்சரிவு அப்படியே இருந்தது. சுவரடியில் சேறு ஏறியிருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். இருந்தது, ஆனால் நான் நினைத்ததைவிடக் குறைவாக. பிறகு படகு மேலே, ஆறு வந்து சேரும் வால்பகுதிக்குப் போனது. அங்கே பள்ளத்தைக் காணோம். கரையிலிருந்து கரைவரை ஒரே சமதரை. "ஆறு எங்கேடா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் திரையில் இன்னொரு அலைவரிசையைத் திறந்தான்.

இதுவரை பார்த்தது 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி. அதன் ஒரு அலை ஏழரை மில்லிமீட்டர் நீளம். நுணுக்கமாகப் பார்க்கும், ஆனால் சேற்றின் மேல்தோலில் பட்டதும் திரும்பிவிடும். இப்போது அவன் திறந்தது 30 கிலோஹெர்ட்ஸ், ஐந்து சென்டிமீட்டர் அலை. அது குழைசேற்றுக்குள் இறங்கிப் போய்க் கெட்டித் தரையில் பட்டுத் திரும்புகிறது. திரையில் சமமான கோட்டுக்குக் கீழே இரண்டாவது கோடு எழுந்தது. கரையோரம் இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. நடுவுக்கு வர வரக் கீழ்க்கோடு விலகி, இறங்கி, பள்ளமாகி, மறுபடி ஏறி மேல்கோட்டோடு சேர்ந்தது. காணாமல் போன ஆறு அங்கே இருந்தது, சேற்றுக்கு அடியில், தன் இரண்டு கரைகளோடு. "மேல இருக்கறது இப்பத்த தரைங்ணா. கீழ இருக்கறது பழைய தரை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எடத்துலதான் முன்ன தண்ணி நின்னுச்சு," என்றான். நான் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சொன்ன "அதே தண்ணி இல்ல" என்பது எனக்கு அளவோடு தெரிந்த இடம் அதுதான்.

கீழ்க்கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அவன் எச்சரித்தான். சேற்றில் இலை தழை அழுகி வாயுக் குமிழிகள் தங்கியிருந்தால் தாழ்ந்த ஒலியும் அங்கேயே நின்றுவிடும். அதனால் சில இடங்களில் குழாயைக் குத்திச் சேற்றை எடுத்துப் பார்க்கிறார்கள், அணை கட்டும் முன் போட்ட பழைய வரைபடத்தோடும் ஒப்பிடுகிறார்கள். இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

சேறு எங்கே உட்காருகிறது

வால்பகுதியில் ஏன் அவ்வளவு சேறு? வேகமாக வரும் ஆறு, நிற்கும் தண்ணீரைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. இழந்த இடத்திலேயே கல்லையும் மணலையும் போட்டுவிடுகிறது. அதைவிட நைசான மண் சற்றுத் தள்ளி விழும். மிக நைசான களிமண் மட்டும்தான் கலங்கலாக மிதந்து சுவர்வரை போய்ச் சேரும். வருடா வருடம் மேல்பகுதியில் ஒரு மேடு வளர்ந்து அணையை நோக்கி நகர்ந்துகொண்டே வருகிறது. எல்லா அணைக்கும் பொதுவான இயற்கை இது. "அடியில் இத்தனை அடி சேறு" என்று நாம் வைத்திருக்கும் படம் இதனால்தான் பிழையாகிறது. அடியில் இருக்கும் இருப்பு எப்படியும் மதகுக்குக் கீழே நிற்பது, பாசனத்துக்கு வராதது. அதில் சேறு விழுந்தால் வெள்ளாமைக்குப் பெரிய நட்டம் இல்லை. மேல்பகுதியில் விழும் சேறு வாய்க்காலுக்கு வரவேண்டிய தண்ணீரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. மாமா சந்தேகப்பட்டது சரி, அவர் கைகாட்டிய இடம் வேறு. மதகடியைத் தோண்டிவிட்டால் தீரும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டினால், திரும்பக் கிடைக்கும் கொள்ளளவு பாசனத்துக்கு எட்டாத தண்ணீராக இருக்கலாம்.

இதற்குச் செயற்கைக்கோள் இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது, பயன்படுகிறது. தண்ணீர் ஏறி இறங்கும்போது நனைந்த பரப்பை மேலிருந்து படம் பிடித்து, மட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்த வருடம் தண்ணீர் எவ்வளவு கீழே இறங்கியதோ அதுவரைதான் அந்தக் கண்ணுக்கு எட்டும். டணாய்க்கன்கோட்டை வெளியே தெரியும் அளவுக்குப் பவானிசாகர் வற்றும் வருடங்களில் அது நிறையப் பார்க்கும். நிறைந்தே கிடக்கும் வருடங்களில் மேல்வட்டத்தை மட்டும் பார்க்கும். அதற்குக் கீழே ஒலிதான் போக வேண்டும்.

அரசு அளப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பூண்டியில் இருக்கும் நீரியல் ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு அணைகளின் கொள்ளளவை ஆய்ந்துவருகிறது, மத்திய நீர்வள ஆணையம் நாடு முழுதும் நடந்த அளவீடுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. உழைப்பு நடக்கிறது. அந்த உழைப்பின் பலன் பேக்கரியில் பேசும் எண்ணுக்குள் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். காலைப் பேப்பரில் டி.எம்.சி. வரும்போது, அந்த எண் எந்த ஆண்டு அளந்த தரையை வைத்து வந்தது என்பதும் பக்கத்தில் வரவேண்டும். நான்கு இலக்கம், அவ்வளவுதான் இடம். ஒரு டி.எம்.சி. சின்ன விஷயமா? கீழ்பவானியில் ஒரு முறைக்குத் தண்ணீர் பெறும் 1,03,500 ஏக்கரில் அதைப் பரப்பினால் இரண்டரை அங்குலத்துக்கு மேல் நிற்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அந்த இரண்டரை அங்குலம் கடைமடைக்காரனுக்கு எவ்வளவு என்று அவனைத்தான் கேட்க வேண்டும். அணையில் தண்ணீர் முன்கூட்டித் தீர்வதற்கு வரத்து குறைந்தது காரணமாக இருக்கலாம், ஆவியானது, குடிநீருக்குப் போனது என்று எத்தனையோ இருக்கலாம். சேற்றின் பங்கு எவ்வளவு என்று தனியாகத் தெரிந்தால் மற்றவற்றையும் நேர்மையாகப் பேசலாம்.

படகில் எடுத்த ஒரு படத்தை மாமாவிடம் காட்டினேன். ஒரு குறுக்குக் கோடு, இரண்டு வரைகள். அணை எதுவென்று அவரிடமும் சொல்லவில்லை. கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "அப்ப மேக்கால மேடு கட்டுதுன்னு சொல்ற," என்றார். ஆமாம் மாமா என்றேன். "ஆண்டு தெரிஞ்சு நாம என்ன பண்ணறது?" அவரே பதிலும் சொன்னார்: அட்டவணை பழசு என்றால் பேப்பரில் வரும் தண்ணீரில் ஒரு நனைப்பைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும், ஒரு நனைப்புக் குறையும் என்று தெரிந்தால் மேட்டு வயலில் நெல்லை விட்டுவிட்டு எள்ளு போடலாம், கடைசித் தண்ணீருக்கு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

எங்கள் பாசன சங்கக் கூட்டத்தில் இதை எடுத்தோம். பவானிசாகருக்கு இப்போது புழக்கத்தில் இருக்கும் கொள்ளளவு அட்டவணையின் நகல், அது எந்த ஆண்டு அளவீட்டில் வந்தது, தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையை ஒலியால் அளந்தார்களா, அடுத்த அளவீடு எப்போது என்று கேட்டு மனு எழுதியிருக்கிறோம். "சேறு எந்தப் பக்கம் எத்தன அடின்னு வரைபடமும் கேளுப்பா," என்று மாமா சொன்னதால் கடைசி வரியில் அதையும் சேர்த்தோம்.